கதியாலும் கறிவேப்பிலையும்

(எங்கள் சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில், "கடை மருந்து இல்லாமல் தடியில் வேர் விடச் செய்வது எப்படி" என்ற தலைப்பில் நிகழ்த்திய பேச்சு. கேட்டவர்கள் விரும்பியதற்கு இணங்க சித்திரைப் புத்தாண்டு மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



என்னைப் பேசச் சொல்லிக் கேட்ட காரணம் உங்களுக்குத் தெரியும். போன கூட்டத்தில் ஒரு அன்ரி எழும்பி, "பிள்ளை, தடி வேர் பிடிக்கிறதுக்கு ஒரு பவுடர் விக்கிறாங்களாம். அது இல்லாட்டில் ஒண்டும் வராதாமே?" என்று கேட்டா. நான் சிரித்துப் போட்டேன். சிரித்தது பிழை. அந்தக் கேள்விக்கு ஒரு பேச்சே வேணும் என்று செயலாளர் என்னைப் பிடித்துக் கொண்டார். நான் தோட்டக்கலை படித்தவள் அல்ல. ஊரில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்த வாத்தியார். ஆகையால் கொஞ்சம் சுத்தி வளைத்துத்தான் விசயத்துக்கு வருவேன், பொறுத்துக் கொள்ளுங்கோ.

நாங்கள் லண்டனுக்கு வந்தது 2000ஆம் ஆண்டு. அந்த வருசம் வந்தவர்களுக்கு வவுச்சர் நினைவிருக்கும். அகதி விண்ணப்பம் போட்டவர்களுக்குக் காசு தராமல் கடதாசித் துண்டு தந்த காலம். 2000 ஏப்ரலில் தொடங்கி 2002 ஏப்ரலில் நிறுத்தினார்கள். ஒருவருக்கு வாரம் 10 பவுண் மட்டும்தான் காசாக மாற்றலாம். மிச்சத்தைக் குறிப்பிட்ட பெரிய கடைகளில்தான் கொடுக்கலாம், மிச்சக் காசு திருப்பித் தரமாட்டார்கள். எங்கட தமிழ்க் கடையில் அந்தக் கடதாசி செல்லாது. அங்கே வாங்கிற ஒரு கட்டு பொன்னாங்காணியும் அந்த 10 பவுணுக்குள்ளே, பஸ் காசோடும் ஊருக்கு எடுக்கிற ரெலிபோன் காட்டோடும் போட்டி போட்டுத்தான் வரவேணும்.

ஈஸ்ட்ஹாமில் மச்சாள் வீட்டில் ஒரு அறையில் இருந்தோம். ஒரு நாள் பொன்னாங்காணி ஆய்ந்துவிட்டுத் தண்டுகளை எறியப் போனேன். கணுவில் பொட்டுப் பொட்டாக வெள்ளையாய் ஏதோ முளைத்திருந்தது. ஒரு ஜாம் போத்தலில் தண்ணி விட்டு யன்னலில் வைத்தேன். ஒரு கிழமைக்குள் வேர். கறிக்கு வாங்கின கட்டு, கடைசியில் ஒரு பழைய வாளியில் தோட்டமாகப் போச்சு. அதன் பிறகு பொன்னாங்காணிக்கு அந்தப் பத்துப் பவுணைத் தொடவில்லை. பவுடரைப் பற்றி அப்போது நான் கேள்விப்பட்டதே இல்லை.

இதில் எங்களுக்கு என்ன புதுமை? வேலி அடைத்த சனம் நாங்கள். கதியால் என்ற சொல்லை இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு விளக்க வேணும். உயிரோடு நட்டு, வேர் விட்டு, மரமாகி நிற்கும் வேலித் தடிதான் கதியால். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை. யாழ்ப்பாணத்தில் பாதி வேலி இதுதான். தழை ஆட்டுக்கும் போகும், தோட்டத்துக்குப் பசளையாகவும் தாழ்க்கும். ஒரு சாண் தள்ளிக் கதியால் போட்டுவிட்டான் என்று மல்லாகம் கோட்டுக்குப் போன குடும்பங்களும் இங்கே இருக்கு. சிரிக்கிறவர்களைப் பார்த்தால் தெரியுது.

எங்கட ஐயா மாரி தொடங்குகிற நேரம் பார்த்துத்தான் கதியால் போடுவார். முற்றின தடியாகத் தெரிவார். அடிப்பக்கம் பேனைக் கூர் போல சரிவாக வெட்டு, மேல்பக்கம் நேர் வெட்டு. வெட்டினதை ஒரு நாள் இரண்டு நாள் நிழலில் போட்டு வைப்பார். நட்ட பிறகு உச்சியில் ஒரு உருண்டை சாணி. நான் சின்னப் பிள்ளையாக ஒரு நாள் உதவி செய்கிறேன் என்று ஒரு தடியைத் தலைகீழாக நட்டுவிட்டேன். "உது தலையாலை நடந்து போற தடியோ?" என்று கேட்டுப் பிடுங்கித் திருப்பி நட்டார். ஏன் தலைகீழாக வராது என்று அவருக்குக் காரணம் தெரியாது. எனக்கும் தெரியாது. அந்தக் காரணத்தை நான் அறிந்தது இங்கே, லண்டனில்.

புரொம்லி நோர்த்தில் 146ஆம் இலக்க பஸ் ஏறினால் கடைசித் தரிப்பிடம் டவுண் என்ற கிராமம். அங்கேதான் சார்ள்ஸ் டார்வின் 40 வருசம் இருந்த வீடு இருக்கு. குரங்கிலிருந்து மனிதன் என்று பள்ளிக்கூடத்தில் படித்த அதே டார்வின்தான். வயசு போன காலத்தில் அவரும் மகன் பிரான்சிசும் வீட்டிலேயே புல் முளைகளை வைத்துப் பரிசோதனை செய்தார்கள். முளை வெளிச்சத்தின் பக்கம் வளையும், நாங்கள் எல்லோரும் யன்னலில் பார்க்கிறது. அவர்கள் முளையின் நுனிக்கு மட்டும் வெளிச்சம் படாத ஒரு தொப்பி போட்டார்கள். வளையவில்லை. வளைவது நுனிக்குக் கீழே உள்ள தண்டு, ஆனால் வெளிச்சத்தை அறிவது நுனி. அப்படியென்றால் நுனியிலிருந்து ஏதோ ஒன்று கீழே இறங்குகிறது என்று 1880இல் புத்தகம் எழுதினார்கள். அது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. 1920களில் ஒல்லாந்தில் வென்ற் என்ற இளைஞர் அந்தப் பொருளைக் கடற்பாசிக் கூழ்க் கட்டியில் இறக்கிப் பிடித்துக் காட்டினார். அதற்கு ஓக்சின் என்று பெயர் வந்தது. 1934இல் கோகிலும் அவருடைய கூட்டாளிகளும் அதே குணமுள்ள பொருளைப் பிரித்தெடுத்தார்கள். எதிலிருந்து தெரியுமோ? மனிதருடைய சிறுநீரிலிருந்து. சபையில் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கோ. அதற்காக ஒருவரும் வீட்டில் போய்ப் பரிசோதனை செய்ய வேண்டாம். அதில் உள்ள உப்பு இளந் தடியைக் கொன்றுபோடும்.

இப்போது ஐயாவின் தடிக்கு வருவோம். நுனிக் குருத்திலும் இளம் இலையிலும் ஓக்சின் உண்டாகிறது. அது தண்டு வழியாகக் கீழ்நோக்கித்தான் போகும். மரத்தில் நிற்கும்போது அது வேர் வரைக்கும் போய்விடும். நீங்கள் கொப்பை வெட்டினால் போகிற வழி அறுந்துவிடுகிறது. வந்தது வந்தபடி வெட்டு வாயில் தேங்கி நிற்கும். அந்தத் தேக்கம்தான் அங்கே உள்ள கலங்களைப் பார்த்து "இனி நீங்கள் வேர்" என்று சொல்லுகிறது. தடியைத் தலைகீழாக நட்டாலும் அதற்குத் தன்னுடைய அடி எது நுனி எது என்று தெரியும். தேங்குவது பழைய அடியில்தான், அது இப்போது ஆகாயத்தில் இருக்கும். அதுதான் ஐயாவின் சரிவு வெட்டும் நேர் வெட்டும். சாணி எதற்கு? மேல் வாயால் தடி காயாமல், மழைத் தண்ணி இறங்காமல் அடைக்கிறதுக்கு.

கடையில் விக்கிற பவுடரும் இதே வகைப் பொருள்தான், செயற்கையாகச் செய்து மாவில் கலந்தது. அது பொய்ச் சாமான் என்று நான் சொல்லவில்லை. வேர் விடப் பஞ்சிப்படும் செடிகளுக்கு அது உதவும். கூடப் போட்டால் அடி கருகும். ஆனால் எங்கட வீடுகளில் நாங்கள் வளர்க்க ஆசைப்படுகிறதில் முக்கால்வாசிக்கு அந்தப் பவுடர் தேவையில்லை. செடி தனக்கு வேண்டியதைத் தானே வைத்திருக்கிறது. நாங்கள் செய்ய வேண்டியது, வேர் வரும் வரைக்கும் தடி காய்ந்து சாகாமலும் அழுகிச் சாகாமலும் பார்த்துக் கொள்கிறது. இந்த இரண்டு சாவுக்கும் நடுவிலேதான் முழு வித்தையும்.

காய்ந்து சாகாமல் பார்க்கிற வழியையும் ஒரு லண்டன்காரர்தான் கண்டுபிடித்தார். டொக்டர் நத்தானியேல் வாட். கிழக்கு லண்டனில், துறைமுகத்துக்குப் பக்கத்தில், வெல்குளோஸ் சதுக்கத்தில் இருந்தவர். எங்கட ஆக்கள் நிறையப் பேர் இருக்கிற ஈஸ்ட்ஹாமுக்குக் கொஞ்சம் மேற்கே. அந்தக் காலத்து நிலக்கரிப் புகையில் அவர் ஆசையாக வைத்த பன்னச் செடிகள் எல்லாம் செத்துப் போயின. 1829இல் ஒரு அந்துப்பூச்சியின் கூட்டை ஈர மண்ணோடு போத்தலில் போட்டு மூடி வைத்தார். பூச்சியைப் பார்க்கத்தான் வைத்தது. ஆனால் மண்ணில் இருந்து ஒரு பன்னமும் ஒரு புல்லும் முளைத்து, தண்ணியே விடாமல் உயிரோடு நின்றன. போத்தலுக்குள்ளேயே ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் வேர்த்து, திரும்ப மண்ணுக்கு இறங்கியது. அதைப் பார்த்துக் கண்ணாடிப் பெட்டிகள் செய்தார். 1833இல் அப்படி இரண்டு பெட்டிகளில் செடி வைத்து சிட்னி வரை கப்பலில் அனுப்பினார், உயிரோடு போய்ச் சேர்ந்தன.

அந்தப் பெட்டிகள் பிறகு செய்த வேலை எங்களுக்கு நெருக்கமானது. பிரேசிலில் இருந்து வந்த றப்பர் விதைகளைக் கியூ தோட்டத்தில் முளைக்க வைத்து, 1876இல் ஏறக்குறைய 1,900 கன்றுகளை இந்தக் கண்ணாடிப் பெட்டிகளில்தான் இலங்கைக்கு அனுப்பினார்கள். கம்பகாவில் ஹெனரத்கொடத் தோட்டத்தில் நட்டார்கள். சீனத் தேயிலைக் கன்றுகள் இந்தியாவுக்குப் போனதும் இதே பெட்டியில். பிறகு யார் அந்தத் தோட்டங்களில் கொழுந்து எடுத்தார்கள், யார் பால் வெட்டினார்கள் என்று நான் இந்தச் சபைக்குச் சொல்லத் தேவையில்லை. மலையகத்தில் இருந்து வந்த குடும்பங்களும் எங்களோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு வீ.பி. தேயிலை என்றால் தெரியும். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் பரப்பின தெரிவு இனங்கள் அவை. விதையில் இருந்து அல்ல, ஒரேயொரு இலையும் அதன் கணுவும் கீழே ஒரு சின்னத் துண்டுத் தண்டும், அவ்வளவுதான் ஒரு கன்றுக்கு முதல். பொலித்தீன் குழாயில் மண் நிரப்பி, குத்தி, நிழல் பந்தலின் கீழ் ஈரம் போகாமல் மூடி வைப்பார்கள். நேசரியில் அந்த வேலை செய்த ஒரு அக்காவிடம், என்ன மருந்து போடுவீங்கள் என்று கேட்டேன். "மருந்தா? கைதான்" என்றா. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் குத்தின கை அது.

சரி, செய்முறை. பேப்பர் பேனை வைத்திருக்கிறவர்கள் எழுதலாம்.

லண்டனில் இதற்குக் காலம் வைகாசியில் இருந்து ஆடி வரை. வெளிச்சமும் சூடும் அப்போதுதான் சேர்ந்து வரும். மார்கழியில் குசினி யன்னலில் வைத்துவிட்டு "ஒண்டும் வருகுதில்லை" என்று எனக்கு ரெலிபோன் எடுக்க வேண்டாம். தாய்ச் செடிக்கு முதல் நாள் பின்னேரம் நல்லாய்த் தண்ணி விடுங்கோ. காலையில் வெட்டுங்கோ. பூவோ மொட்டோ இல்லாத கொப்பாகப் பாருங்கோ. பூ இருந்தால் செடியின் கவனம் அங்கே போய்விடும். பச்சைத் தளிரும் வேண்டாம், மரமாய்ப் போனதும் வேண்டாம். வளைத்தால் வளைந்து, விட்டால் நிமிருகிற பருவம்தான் நல்லது. கையின் அகலத்துக்குக் கொஞ்சம் கூட, 10 முதல் 15 சென்ரிமீற்றர். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கோ, வேர் அநேகமாய்க் கணுவிலேதான் பிடிக்கும். கத்தி கூராய் இருக்க வேணும், சுடுதண்ணியில் கழுவி இருக்க வேணும். மீன் வெட்டின கத்தியைக் கொண்டு வந்து வெட்டினவர்களை எனக்குத் தெரியும்.

கீழ் இலைகளைக் கழற்றுங்கோ. மேலே இரண்டு மூன்று இலை இருக்கட்டும். பேராசையில் முழு இலையும் விட்டால் தண்ணி எல்லாம் இலையால் போய்விடும். பயத்தில் எல்லா இலையையும் பிடுங்கினால் ஓக்சினும் இல்லை, சாப்பாடும் இல்லை. செவ்வரத்தை மாதிரிப் பெரிய இலை என்றால் கத்தரிக்கோலால் பாதியாக வெட்டி விடுங்கோ.

மண்ணைப் பற்றி ஒன்று. பசளை போட்ட மண் வேண்டாம். வேர் இல்லாத தடிக்குப் பசளை போடுவது பல்லில்லாத பிள்ளைக்கு முறுக்குக் கொடுத்த மாதிரி. சாதாரண கொம்போஸ்ற்றோடு சரிக்குச் சரி பருமணல் அல்லது பேர்லைற் கலந்தால் போதும். சவுத்தெண்டுக்குப் போன நேரம் அள்ளி வந்த கடற்கரை மணல் கூடாது, உப்பு. சாடிக்கு அடியில் ஓட்டை வேணும். ஒரு பென்சிலால் குழி செய்து, தடியை வைத்து, விரலால் இறுக்கி, ஒருக்கால் தண்ணி விட்டு, மேலே ஒரு வெளிச்சமான பொலித்தீன் பையைக் கவிழ்த்து விடுங்கோ. பெரிய தண்ணிப் போத்தலை அரைவாசியில் வெட்டிக் கவிழ்த்தாலும் சரி. இதுதான் டொக்டர் வாட்டின் பெட்டி, காசில்லாமல். வெளிச்சம் வேணும், நேர் வெயில் கூடாது. நாளுக்கு ஒருக்கால் கொஞ்ச நேரம் திறந்து காற்று மாற்றுங்கோ, இல்லாட்டில் பூஞ்சணம். அடியில் இளஞ்சூடு இருந்தால் வேர் கெதியாய் வரும். ஹீற்றிங் பொயிலர் இருக்கிற அலுமாரிக்கு மேலே நல்ல இடம், வெளிச்சம் இருந்தால். ரேடியேற்றருக்கு மேலேயே வைத்து அவிக்க வேண்டாம்.

பிறகு பொறுமை. என் மச்சாள் ஒவ்வொரு நாளும் தடியை இழுத்துப் பார்ப்பா, வேர் வந்துவிட்டதோ என்று. வந்த வேரும் அதோடு போகும். மூன்று நான்கு கிழமை தொடாதேங்கோ. புதுத் துளிர் விட்டாலும் நம்பாதேங்கோ, தண்டில் இருந்த சாப்பாட்டில் ஒரு துளிர் விட்டுவிட்டுச் சாகிறதும் உண்டு. சாடியின் அடி ஓட்டையில் வெள்ளை வேர் தெரிந்தால் அதுதான் சாட்சி.

தண்ணிப் போத்தலில் வேர் விடுகிறது: பொன்னாங்காணி, புதினா, பசளி, துளசி, கற்பூரவள்ளி. இரண்டு மூன்று நாளுக்கு ஒருக்கால் தண்ணி மாற்றுங்கோ. வேர் இரண்டு விரல் அகலம் வருவதற்கு முதல் மண்ணுக்கு மாற்றுங்கோ. தண்ணியில் நீண்டு வளர்ந்த வேர் மண்ணில் இலேசாய் முறியும். கற்பூரவள்ளியை மண்ணில் வைக்கிறதென்றால் ஒரு நாள் வெட்டு வாய் காய விடுங்கோ. முருங்கைத் தடி அகப்பட்டால் ஐயா செய்தது போலவே. ஆனால் லண்டன் குளிரில் முருங்கையை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றுவது பெரிய பாடு, முருங்கைக்காய்க் கனவு வேண்டாம். அத்தியும் திராட்சையும் வேறு கணக்கு. இலை கொட்டின பிறகு, கார்த்திகை முதல் மாசி வரை, பென்சில் மொத்தத் தடி வெட்டி வெளியிலே நிலத்தில் முக்கால்வாசி புதைத்துவிட்டு மறந்துவிடலாம். அலொட்மென்ற் வைத்திருக்கிறவர்கள் அடுத்த மாரிக்குச் செய்து பாருங்கோ.

இந்த நாட்டிலும் கதியால் இருக்கு, தெரியுமோ? கிரிக்கெற் மட்டை செய்கிற வில்லோ மரம். எசெக்ஸ் பக்கம் அதை விதை போட்டோ கன்று வைத்தோ வளர்ப்பதில்லை. ஆளுயரத்துக்கு மேலே நீளமான, வேரில்லாத தடியை மாரி முடிகிற நேரம் நிலத்தில் ஆழமாய்க் குத்தி விடுகிறார்கள். 15, 20 வருசத்தில் தறித்து மட்டைக்குப் போகும். ஐயா பார்த்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார். வில்லோத் தண்டுக்குள் வேர் மொட்டு முன்னாலேயே உறங்கிக் கொண்டிருக்கும், ஈரம் பட்டால் போதும்.

அதனால்தான் வில்லோத் தண்ணி என்று ஒரு கை மருந்து இங்கே பழைய தோட்டக்காரர் மத்தியில் இருக்கு. அந்த வருசம் துளிர்த்த இளங் குச்சிகளைச் சிறு துண்டாய் வெட்டி, ஒரு போத்தல் தண்ணியில் ஒரு நாள் இரண்டு நாள் ஊறப் போட்டு, வடித்து, அந்தத் தண்ணியில் எங்கட தடியை ஒரு இரவு நிற்க விடுகிறது. வேரைத் தூண்டுகிற பொருள்களும், கிருமியைக் கொஞ்சம் அடக்குகிற சலிசிலிக் அமில வகையும் அதில் இருக்கு. நான் செய்து பார்த்திருக்கிறேன். ரோசாவுக்கும் மல்லிகைக்கும் கொஞ்சம் உதவினது போலத்தான் தெரிந்தது. மந்திரம் என்று சொல்ல மாட்டேன். காற்றடித்து விழுந்த கொப்பில் எடுங்கோ, பார்க்கில் நிற்கிற மரத்தை வெட்டி எங்கட பெயரைக் கெடுக்க வேண்டாம்.

தேன் தடவலாமோ, கறுவாத் தூள் போடலாமோ, இளநீர் விடலாமோ என்று கேட்கிறீர்கள். தேனிலும் கறுவாவிலும் வேர் விடவைக்கிற பொருள் ஒன்றும் இல்லை. பூஞ்சணம் வராமல் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான். கறுவா எங்கட நாட்டுச் சாமான் என்ற பெருமைக்கு வேணுமென்றால் ஒரு சிட்டிகை போடுங்கோ. இளநீர் கதை வேறு. 1941இல் அமெரிக்காவில் ஊமத்தைக் கருவை வளர்க்கத் தேங்காய்த் தண்ணி விட்டு விஞ்ஞானிகள் வெற்றி கண்டார்கள். அதில் கலம் பிரிவதைத் தூண்டுகிற பொருள் உண்மையாகவே இருக்கு. ஆனால் அது குருத்துக்கு நல்லது, வேருக்குக் கூடினால் தடை. சீனி வேற இருக்கு, போத்தல் நாறிப் போகும். இளநீரை நீங்கள் குடியுங்கோ.

இனிக் கறிவேப்பிலை. இதற்காகத்தான் பாதிப் பேர் வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்ல வேணும். கறிவேப்பிலை தடியில் வேர் விடப் பஞ்சி. கடையில் பையில் வாங்கின நெட்டை வைத்து முயற்சி செய்து மனம் வெறுத்தவர்கள் கையை உயர்த்துங்கோ. பாருங்கோ, எத்தனை கை. அது வெட்டி, குளிரில் கிடந்து, கடல் தாண்டி வந்த நெட்டு. அதில் உயிர் குறைவு. நல்ல வழி இரண்டு. பெரிய செடி வைத்திருக்கிறவர்களின் சாடியில் அடிவேரில் இருந்து பக்கக் கன்று வரும், அதை வேரோடு பிரித்து எடுப்பது. அல்லது கறுத்துப் பழுத்த பழத்தின் சதையை நீக்கி உடனேயே விதைப்பது. விதை சில கிழமைக்கு மேல் உயிரோடு இராது, கடிதத்தில் வைத்து அனுப்பி வைத்து முளைக்காது.

நான் தடியில் முயற்சி செய்தது வேறு வழி இல்லாத ஒரு நேரம். 2003இல் ஈஸ்ட்ஹாமில் ஒரு ஆச்சி எனக்கு ஒரு பக்கக் கன்று தந்தா. ஆச்சியின் பெயரைச் சொல்ல மாட்டேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும். நாங்கள் அந்தக் காலம் வீட்டுக்கு வீடு மாறிக் கொண்டிருந்தோம். தற்காலிக வீடு என்று தருவார்கள், சாமான் அடுக்கி முடிய முதல் கிளம்பு என்று கடிதம் வரும். 8 வருசத்தில் 6 வீடு. பிள்ளைகளுக்கு 4 பள்ளிக்கூடம். அந்தச் சாடியை நான் ஒவ்வொரு முறையும் மடியில் வைத்துக் கொண்டு போனேன். 2008 ஆடியில் ஐந்தாவது வீட்டை விட்டுப் போகச் சொன்னபோது அது என் உயரத்துக்கு வந்துவிட்டது. இரண்டாம் மாடி, சின்ன வான், ஒரே நடை. வான்காரத் தம்பி நல்ல பிள்ளை, ஆனால் "அன்ரி, மெத்தையோ மரமோ, ஒண்டைச் சொல்லுங்கோ" என்றான். பிள்ளைகள் படுக்க வேணும். மரத்தை விட்டேன். ஆச்சி அதற்கு முந்தின வருசம் காலமாகிவிட்டா, அவவின் செடியையும் மகன் வீடு விற்ற நேரம் யாரும் எடுக்கவில்லை.

இறங்க முதல் 14 தடி வெட்டினேன். நனைத்த பேப்பரில் சுற்றி, பாண் பையில் போட்டு, புது வீட்டுக்குப் போய் அன்று இரவே நட்டேன். கட்டில் பூட்ட முதல் அதைத்தான் செய்தேன் என்று அவர் இன்றைக்கும் பேசுவார். பென்சிலிலும் மெல்லிய தடி, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று சிற்றிலை மட்டும் விட்டு, எல்லாவற்றுக்கும் மேலே பை கவிழ்த்து, சுடுதண்ணித் தாங்கி இருந்த அலுமாரிக் கதவைத் திறந்து வைத்து அதன் வாசலில் வைத்தேன். ஒரு கிழமையில் 5 கறுத்தது. ஒரு மாதத்தில் 10 போச்சு. இரண்டு மாதம் கழித்து 2 சாடியின் அடியில் வேர் தெரிந்தது. அந்த மாரியில் ஒன்றைக் கூடத் தண்ணி விட்டு நானே அழுக வைத்தேன். கறிவேப்பிலைக்குக் குளிர் காலத்தில் தண்ணி ஆசை இல்லை, மண் நன்றாய்க் காய்ந்த பிறகுதான் கொஞ்சம் விட வேணும். இலை கொட்டினாலும் பயந்து தண்ணி விடக் கூடாது. மிஞ்சினது ஒன்று. அந்த ஒன்றுதான் இப்போது எங்கட முன் அறையில் யன்னலை மறைத்துக் கொண்டு நிற்கிறது.

இன்னும் ஒரு சிறு விசயம் சொல்லி முடிக்கிறேன். நாங்கள் வலிகாமம் வடக்கு. 1990 ஆனியில் வெளிக்கிட்டது. பிறகு அது உயர்பாதுகாப்பு வலயம். 2017 ஆடியில் மயிலிட்டித் துறைமுகப் பக்கம் விட்டார்கள், எங்கட துண்டு அதற்குப் பிறகு. 2019இல் மகளோடு போனேன். வீடு இல்லை, அத்திவாரம் கூட இல்லை. கிணறு மண் மூடிக் கிடந்தது. முழுக்கப் பற்றை. எது எங்கட காணி, எது பெரியப்பாவின் காணி என்று நில அளவையாளர் தேடிக் கொண்டு நின்றார். அண்ணர்தான் கண்டுபிடித்தார். பற்றைக்கு நடுவில் பூவரசு 11, ஒரே நேர் வரிசை. காட்டில் மரம் அப்படி நேராய் முளைக்காது. ஐயா போட்ட கதியால். அதில் இருந்துதான் அளந்தார்கள்.

ஒரு தடி வெட்டி லண்டனுக்குக் கொண்டு வர எனக்கு ஆசை வந்தது. கொண்டு வரவில்லை. பயிர்ச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் நடுகிற தடி, கன்று எதையும் இந்த நாட்டுக்குள் கொண்டு வரக் கூடாது. பெட்டிக்குள் ஒளித்து வைத்துக் கொண்டு வருகிற ஆக்களும் இருக்கிறார்கள், தயவு செய்து செய்யாதேங்கோ. ஒரு நோய் வந்தால் ஒரு ஊருக்கே வரும். மகள் ஒரு பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிப் பார்த்தாள். முதல் தரம் சத்தம் வரவில்லை. அடியை நசித்து விட வேணும் என்று அண்ணர் காட்டிக் கொடுத்தார், பிறகு வந்தது.

கதவுக்குப் பக்கத்து மேசையில் 22 சாடி வைத்திருக்கிறேன். 6 கறிவேப்பிலை, எல்லாம் அந்த ஒன்றின் பக்கக் கன்று. மிச்சம் செவ்வரத்தை, மல்லிகை, கற்பூரவள்ளி. கறிவேப்பிலைக்குச் சண்டை வரும் என்று தெரிந்துதான் பெயர்ச் சீட்டுக் குலுக்கச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். கிடைக்காதவர்கள் என்னிடம் பெயர் தந்துவிட்டுப் போங்கோ, அடுத்த சித்திரைக்குப் பார்ப்போம். எடுத்துக் கொண்டு போகிறவர்கள் சாடியை மட்டும் திருப்பிக் கொண்டு வந்து தாருங்கோ, போன வருசத்துச் சாடி 9 இன்னும் வரவில்லை.